மாமியாருக்குப் போட்ட புல்லாங்குழல்

1. சென்னையிலிருந்து ஒரு போன்

"தம்பி, உங்க தொடர்ல வில்லி யாரு?"

சென்னையில் ஒரு சேனலில் டப்பிங் தொடர்களைக் கவனித்துக்கொண்டிருந்த பிரபாகர் சார் போனில் கேட்ட முதல் கேள்வி இது. வணக்கம்கூடச் சொல்லவில்லை. டெல்லியில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் பகல் நேரத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதனால் சென்னையிலிருந்து வரும் வசவுகள் எல்லாம் நேராக என் காதுக்கே வரும்.

"மருமக சார்" என்றேன்.

கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் காசு ஏறும் எஸ்டிடி போட்டுவிட்டு ஒரு மனிதர் பேசாமல் இருக்கிறார் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"மருமக கதாநாயகி தம்பி. மாமியார்தான் வில்லி. இந்தியில ஊரே அந்தம்மாவத் திட்டுது. இங்க எனக்கு லெட்டர் வருது, ராஜேஸ்வரி அம்மா மாதிரி மாமியார் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்னு. ஒருத்தர் கேக்கறாரு, அந்த மருமகளை எப்ப சார் வீட்டை விட்டுத் தொரத்துவீங்கன்னு. நான் என்ன பதில் போடட்டும்?"

நானும் அந்த மருமகள் எப்போது போவாள் என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கொஞ்ச நாள்ல அந்தம்மா மருமக குடிக்கற பால்ல விஷம் கலக்கப் போறாங்க. இப்ப இருக்கற நிலைமையில கலந்தா, எங்க ஜனங்க டிவி முன்னாடி உக்காந்து 'குடி, சீக்கிரம் குடி'ன்னு சொல்லுவாங்க. எல்லாம் அந்தக் குரலாலதான். யாரு பேசறது? தேன்ல தொட்டுத் தொட்டுப் பேசறாங்க. அவங்களை மாத்திடுங்க. விஷம் கலக்கற எபிசோடு வேற குரல்ல வரணும். இல்லேன்னா டேப்பு திரும்பி வரும்."

அவர் மாற்றச் சொன்ன குரல் சாவித்திரி மாமியுடையது. மாமி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தார். ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். பகலெல்லாம் ஃபைல், சாயங்காலமானால் எங்கள் மைக். எங்களிடம் குரல் கொடுக்க வந்தவர்களில் மற்றவர்களுக்கு அது ஆட்டோ செலவும் சமோசாவும் கிடைக்கிற பொழுதுபோக்கு. மாமிக்கு அப்படி இல்லை. இதற்கு முன்னால் அவருக்குக் கிடைத்ததெல்லாம் "அம்மா, டாக்டர் வந்துட்டார்", "ஐயோ, படியில விழுந்துட்டாரே" என்பது போன்ற ஒரு வரி வேஷங்கள். முதன்முதலாகப் பெயரும் பீரோவும் சாவிக்கொத்தும் உள்ள ஒரு பாத்திரம் வந்திருந்தது. அதைத்தான் பிடுங்கச் சொன்னார்கள்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ராஜேஸ்வரி அம்மாளை நல்லவளாக்கியது மாமியின் குரல் இல்லை. நான் போட்ட புல்லாங்குழல்.

2. ஊமைப் படத்துக்கு இசை வைப்பது எப்படி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். ஒழுங்கான ஊரில், ஒழுங்கான தயாரிப்பாளர் ஒரு தொடரை டப்பிங்குக்குக் கொடுத்தால், வசனம் தனியாகவும் இசையும் சத்தங்களும் தனியாகவும் இரண்டு ட்ராக்காகக் கொடுப்பார். வசன ட்ராக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தமிழில் பேசி ஒட்டினால் வேலை முடிந்தது. எங்களுக்கு பம்பாயிலிருந்து வந்தது எல்லாமே 'மேரிட் ட்ராக்'. வசனம், வயலின், கதவு சாத்தும் சத்தம் மூன்றையும் ஒன்றாகக் கலந்து கல்யாணம் பண்ணிவைத்த ட்ராக். அதில் விவாகரத்து கிடையாது. இந்தியைத் துடைத்தால் எல்லாமே போய்விடும். படம் ஊமையாகிவிடும்.

ஆகவே காலடிச் சத்தம் முதல் கோயில் மணி வரை எல்லாவற்றையும் நாங்களே புதிதாகப் போட வேண்டும். அந்தத் தொடரில் நடித்த எல்லாப் பெண்களின் வளையல் சத்தமும் என் கைதான். சரோஜினி நகர் மார்க்கெட்டில் நானே போய் வாங்கி வந்தேன். கடைக்காரர் அளவு கேட்டபோது என் மணிக்கட்டை நீட்டினேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

இசைக்கு ஸ்டாக் சிடிக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. எந்தக் கதைக்கும் எந்தக் காட்சிக்கும் பொருந்தும்படி யாரோ எங்கேயோ வாசித்து விற்ற இசை. என் முதல் நாளன்று ஸ்டுடியோ முதலாளி பல்லா சாப் அந்தப் பெட்டியை என் மடியில் வைத்தார். லாஜ்பத் நகர் பக்கம் ஒரு பெரிய வீட்டின் பேஸ்மென்ட்தான் ஸ்டுடியோ. அதற்கு முன்பு அவர் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். இசை பற்றிய அவருடைய கொள்கை முழுவதும் கல்யாண வீடியோவிலிருந்து வந்தது.

"அழுதால் துக்கம் போடு. முழித்தால் சதி போடு. சிரித்தால் சிதார் போடு. எங்கேயும் காலி விடாதே, கார்பெட் மாதிரி சுவருக்குச் சுவர் விரி. காலி விட்டால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்கள். அச்சா? ஜல்தி."

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி.

என்னை எடுத்தது இசைக்கு அல்ல. தமிழ் வசனத்தைப் படித்துப் பார்த்துத் திருத்தத்தான். எனக்கு ஊர் அரூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் கல் குவாரியில் ஜல்லி உடைத்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் உள்ளே போன முதல் ஆள் நான்தான். மத்திய அரசுப் பரீட்சை எழுத டெல்லிக்கு வந்தேன், பரீட்சை ஊத்திக்கொண்டது. ஊருக்குத் திரும்ப முகம் இல்லாமல் ஆர்.கே.புரத்தில் எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரின் குவார்ட்டர்ஸில் பின்பக்க அறையில் தங்கியிருந்தபோது கிடைத்த வேலை இது. ஏற்கனவே இசை போட்டுக்கொண்டிருந்த ஆள் வேறு சேனலுக்குப் போய்விட்டார். நாற்காலி காலியாக இருந்தது. பல்லா சாபின் கொள்கைப்படி எதையும் காலி விடக் கூடாது.

இங்கேதான் டெல்லித் தமிழ் டப்பிங்கின் விசேஷம் வருகிறது. சென்னையில் டப்பிங் கலைஞர்கள் முழுநேரமும் அதே தொழிலில் இருப்பார்கள். டெல்லியில் எங்கள் கலைஞர்கள் அத்தனை பேரும் மத்திய அரசு ஊழியர்கள். ஆபீஸ் விட்டு, பஸ் பிடித்து, சாயங்காலம்தான் வருவார்கள். கம்ப்யூட்டர் ஒன்றுதான் இருந்தது. சாயங்காலம் அதில் குரல் பதிவு. ஆகவே இசை வேலையைப் பகலிலேயே முடித்துவிட வேண்டும். அதாவது வசனம் வருவதற்கு முன்னால், ஊமைப் படத்தைப் பார்த்து, இசையைப் போட்டு வைக்க வேண்டும்.

எனக்கு அப்போது இந்தி, பஸ்ஸில் சண்டை போடும் அளவுக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் தேவைப்படவில்லை. டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போதே ஆடியோவை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் ஏற்றுவோம். டிஸ்கில் இடம் மிச்சம்.

3. நான் பார்த்த கதை

ஊமையாகப் பார்த்தபோது எனக்குத் தெரிந்த கதை இதுதான்.

ஒரு பெரிய வீடு. அதில் ராஜேஸ்வரி என்று ஒரு வயதான அம்மாள். விடியும் முன் எழுந்து விளக்கேற்றுகிறாள். வீடு முழுக்க நடந்து எல்லாக் கதவையும் திறக்கிறாள். பெரிய மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டத்துக்கே சாப்பாடு போடச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் சாப்பிடாமல் நின்று பார்க்கிறாள். வீட்டுக்கு ஒரு வக்கீல் வருகிறார். அவருக்கு இனிப்புக் கொடுத்துச் சிரித்துப் பேசுகிறாள்.

அதே வீட்டில் பூஜா என்று ஒரு மருமகள். எந்த வேலையும் செய்வதில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். மாமியாரும் வக்கீலும் பேசும்போது தூணுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்பாள். யாராவது திரும்பினால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடுவாள்.

நீங்களே சொல்லுங்கள். வேலை செய்கிறவள் நல்லவளா, தூணுக்குப் பின்னால் ஒளிகிறவள் நல்லவளா? எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியைச் சுரண்டிச் சாப்பிட்டது என் அம்மா. ஒட்டுக் கேட்டவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து நல்ல காரியத்துக்குக் கேட்டதில்லை.

ராஜேஸ்வரி அம்மாளுக்குப் பெட்டியிலேயே நல்ல புல்லாங்குழலைத் தேடி எடுத்துப் போட்டேன். விடிகாலையில் வாசிப்பது போன்ற ஒரு மெட்டு, அடியில் லேசாகத் தம்பூரா. அந்தம்மாள் எப்போது வந்தாலும் அது வரும். பூஜா தூணுக்குப் பின்னால் வந்தால் 'சதி' என்று எழுதியிருந்த சிடியிலிருந்து டுடுங், டுடுங் என்று ஒரு மத்தளம்.

அந்த அம்மாள் வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தது மருமகளின் சொத்தை எழுதி வாங்குவது பற்றி என்று எனக்கு யார் சொன்னார்கள்?

வசனம் வந்தபோதாவது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வசனத்தைத் திருத்தியவனே நான்தான். ஆனால் ராஜேஸ்வரி அம்மாள் வக்கீலிடம்கூட 'அந்தக் காரியம்', 'அந்தக் காகிதம்' என்று ஜாடையாகத்தான் பேசுவாள். ஒரு உதாரணம் தருகிறேன். ராஜேஸ்வரி அம்மாள் ஜன்னல் வழியாக மருமகளைப் பார்த்தபடி சொல்வாள்: "அவளுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்." அடியில் இடி இடித்தால் மருமகளின் கதை முடிந்தது. புல்லாங்குழல் வாசித்தால் மருமகளுக்குப் புதுப் புடவை வரப்போகிறது. காகிதத்தில் இரண்டும் ஒரே வரிதான். நான் புடவைக் கட்சியில் இருந்தேன்.

இன்னும் ஒன்று: "இந்த வீட்டுச் சாவி நான் உயிரோட இருக்கற வரைக்கும் என் இடுப்பை விட்டு எறங்காது." புல்லாங்குழலோடு கேட்டுப் பாருங்கள். எவ்வளவு பொறுப்பான பெண்மணி.

மீதியை மாமி பார்த்துக்கொண்டார். குளிர்காலம். மைக்கில் சரசர என்று கேட்கும் என்பதால் ஸ்வெட்டரையும் சால்வையையும் கழற்றி வைத்துவிட்டு, நடுங்கிக்கொண்டே ஹெட்போனை மாட்டுவார். வசனங்களை 'லூப்' என்று துண்டு துண்டாகத்தான் பேச வேண்டும். முழுக்கதை யாருக்கும் காட்டப்படுவதில்லை. தொடர் இந்தியில் ஒளிபரப்பாகும் நேரத்தில் மாமி எங்களிடம்தான் இருப்பார். ஹெட்போனில் என் புல்லாங்குழல் கேட்கும். அதைக் கேட்டதும் குரல் தானாக இளகிவிடும்.

"பாவம்பா இந்தப் பொம்மனாட்டி. எப்படித்தான் அந்த மருமகளைக் கட்டி மேய்க்கறாளோ" என்று ஒவ்வொரு லூப்புக்கும் இடையில் உச்சுக் கொட்டுவார்.

முதலாளிக்கு இந்தி தெரியும், தமிழ் தெரியாது. எனக்குத் தமிழ் தெரியும், இந்தி தெரியாது. மாமிக்கு இரண்டும் தெரியும், கதை தெரியாது. மிக்ஸிங் முடிந்ததும் பல்லா சாப் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "பஹுத் அச்சா, எங்கேயும் காலி இல்லை" என்பார். டேப் சென்னைக்குப் போய்விடும்.

4. மாமியிடம் சொன்னது

பிரபாகர் சார் குரலை மாற்றச் சொன்னதை எனக்குத் தெரிந்த இந்தியில் பல்லா சாபிடம் சொன்னேன். குற்றம் புல்லாங்குழலுடையது என்றும் சொன்னேன். அவர் கச்சோரியைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"ம்யூசிக் மாற்றினால் பழையதை எல்லாம் திரும்ப மாற்றச் சொல்வான். ஆர்ட்டிஸ்டை மாற்றினால் ஒரு நாள் வேலை. மந்திர் மார்க்கில் ஒரு அம்மா இருக்கிறாரே, குரல் கரகர என்று இருக்குமே, திங்கட்கிழமை வரச் சொல்லு. சாவித்திரிஜியிடம் நீயே சொல்லிவிடு."

மாமி சனிக்கிழமை மதியமே வந்துவிட்டார். சுற்றி வளைக்கத் தெரியாததால் நேராகச் சொன்னேன். "மேடம், சென்னையில உங்களை மாத்தச் சொல்றாங்க. திங்கட்கிழமை மந்திர் மார்க் அம்மா வராங்க. நீங்க வில்லியாம்."

"யாரு, நானா?"

"ராஜேஸ்வரி அம்மா."

"முதல்ல மேடம்னு கூப்பிடறதை நிறுத்து. ஆபீஸ் ஞாபகம் வரது." சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "வில்லின்னு எனக்கு யாரும் சொல்லவேயில்லையே. தெரிஞ்சிருந்தா ஜோரா வில்லத்தனம் பண்ணியிருப்பேனே. ஆபீஸ்ல ஒருத்தன் லேட்டா வந்தாக்கூட 'என்னப்பா பஸ் கிடைக்கலையா'ன்னுதான் கேக்க வேண்டியிருக்கு. யூனியன் இருக்கு. இங்கேயாவது ஒருத்தியை நன்னா மிரட்டியிருக்கலாம். அதுவும் போச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சால்வையை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார். "திங்கட்கிழமையா வராளாம் அவ?" என்று கேட்டார்.

"நீங்க பேசினதால இல்லை மாமி. நான் போட்ட மியூசிக்காலதான். அதை நிரூபிச்சா மாத்த மாட்டாங்க."

"எப்படி நிரூபிப்பே?"

அது எனக்கும் தெரியாது. முதலில் இந்தி டேப்பை ஆடியோவோடு போட்டுப் பார்த்தோம். இத்தனை நாளில் முதன்முறையாக. ராஜேஸ்வரி அம்மாள் விடிகாலையில் விளக்கேற்றும் அந்தக் காட்சி. தீக்குச்சி உரசியதும் ஒரு இடி. முகத்தைக் காட்டியதும் இன்னொரு இடி. பிறகு இருபது பேர் சேர்ந்து ஆ, ஆ என்று ஓலமிட்டார்கள். பூஜா தூணுக்குப் பின்னால் வந்தால் உருக்கமாக ஒரு வயலின்.

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "ஒரு விளக்கேத்தறதுக்கு இவ்வளவு அமர்க்களமா? இவா ஆத்துல கரண்ட்டுக் கனெக்‌ஷன் எடுத்தா ஊரே பத்திக்கும் போலிருக்கே."

5. இடி பலிக்கவில்லை

விஷம் கலக்கும் எபிசோடு அன்று கைவசம் இருந்தது. நேரான வழியை முதலில் செய்து பார்த்தேன். பெட்டியில் இருந்த இடிகளை எல்லாம் எடுத்து ராஜேஸ்வரி அம்மாளுக்கு வைத்தேன். மருமகளுக்கு வயலின் வைத்தேன். பல்லா சாபைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

அந்தம்மாள் சமையலறைக்குள் நுழைந்ததும் இடி இடித்தது. பல்லா சாப் திரையின் மூலையில் எதையோ தேடினார். "ஷேர் ஆயா க்யா?" என்றார். புலி ஏதாவது வந்துவிட்டதா என்று கேட்கிறார்.

மாமி அதைவிட மோசம். கதை முழுவதும் தெரிந்த பிறகும், "ஐயோ பாவம், அந்தம்மாவுக்கு என்னமோ ஆகப் போறது" என்றார். மருமகளுக்கு வயலின் வந்தபோது முகத்தைச் சுளித்தார். "இவளுக்கு எதுக்குப்பா வயலின்? ஒட்டுக் கேக்கற கழுதை."

"மாமி, இவதான் நல்லவ."

"தெரியறதுப்பா. மனசு ஒப்ப மாட்டேங்கறதே."

கதை தெரிந்த ஆளுக்கே மனசு மாறவில்லை. சென்னையில் இருக்கிறவர்களுக்கு எப்படி மாறும்? இத்தனை வாரமாகப் புல்லாங்குழல் அவர்கள் காதில், இந்தம்மாளை நம்பு, நம்பு என்று ஓதியிருக்கிறது. ஒரு நாள் இடித்தால் வானிலை மாறிவிட்டது என்று நினைப்பார்களே தவிர, ஆள் மாறிவிட்டாள் என்று நினைக்க மாட்டார்கள். மந்திர் மார்க் அம்மாளின் கரகரத்த குரல் வந்தால், ராஜேஸ்வரி அம்மாளுக்கு ஜலதோஷம் என்று நினைப்பார்கள்.

இதை மாமியிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "நான் ஆபீஸ்ல பார்த்த கெட்டவா ஒருத்தருக்கும் இடி இடிச்சதில்லை" என்றார். "எங்க ஜாயின்ட் செக்ரெட்டரி ஒருத்தர் இருந்தார். யாருக்கு சார்ஜ் ஷீட் குடுக்கணுமோ அவனைக் கூப்பிட்டு உக்கார வெச்சு டீ வரவழைப்பார். கொழந்தை எப்படிப் படிக்கறான்னு கேப்பார். அவர் அறையில டீ குடிச்சுட்டு வந்தான்னாலே நாங்கள்ளாம் அவன் முகத்தைப் பார்க்க மாட்டோம். சத்தம் போடறவர் ஒருத்தர் இருந்தார், அவரைப் பார்த்து யாருமே பயந்ததில்லை."

நான் இடிகளை எல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். புல்லாங்குழலைத் திரும்ப வைத்தேன்.

காட்சி இப்படி. ராஜேஸ்வரி அம்மாள் பாலைக் காய்ச்சுகிறாள், டம்ளரில் ஊற்றுகிறாள், சர்க்கரை போடுகிறாள். புல்லாங்குழல் எப்போதும் போல. இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுக்கிறாள். அது பிரியும் இடத்தில், மெட்டு பாதியில் இருக்கும்போதே, புல்லாங்குழலை வெட்டினேன். மெதுவாகக் குறைக்கவில்லை. கத்தரித்தேன். தம்பூராவும் இல்லை. ஒன்றுமே இல்லை. ஸ்பூன் டம்ளரில் சுற்றும் சத்தம் மட்டும். அந்த ஸ்பூனை நானே ஒரு எவர்சில்வர் டம்ளரில் சுற்றிப் பதிவு செய்தேன். அவசரமில்லாத சத்தம். கலக்கி முடித்து, ஸ்பூனை டம்ளரின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி வைக்கிறாள். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பிச் சிரிக்கும்போது, எந்த ஸ்வரத்தில் வெட்டினேனோ அங்கிருந்தே புல்லாங்குழல் தொடரும். எதுவுமே நடக்காதது மாதிரி.

மாமி பேச வேண்டியது ஒரு வரி. முதல் டேக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். ஆசை அடங்கவில்லை.

"மாமி, வில்லத்தனம் வேண்டாம். எப்பவும் போலப் பேசுங்க. போன வாரம் அவளுக்குக் காய்ச்சல்னு கஞ்சி குடுத்தீங்களே, அதே மாதிரி."

"கெடைச்சதே ஒரு சான்ஸ். அதையும் கெடுக்கறே."

இரண்டாவது டேக். "குடிம்மா. ஆறிடப் போகுது."

கஞ்சி கொடுத்ததைவிட இனிமையாக வந்தது. ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு முதுகு சில்லிட்டது. ஹீட்டர் என் பக்கம்தான் இருந்தது.

6. காலி

பல்லா சாபுக்குப் போட்டுக் காட்டியபோது புல்லாங்குழல் நின்ற இடத்தில் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். காலி. அவருடைய ஸ்டுடியோவில் காலி. இதில் வெறும் கொள்கை மட்டும் இல்லை. ஆடியோ இல்லாத இடம் இருந்தால் சேனலில் டேப்பைப் பரிசோதிக்கிறவர் 'ஆடியோ டிராப்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்.

"ஸ்பூன் இருக்கு சாப்" என்றேன். "ஆடியோ இருக்கு."

திட்டுவதற்கு வாயைத் திறந்தார். திரையில் அந்தம்மாள் திரும்பிச் சிரித்தாள். வசவுக்குப் பதில் கேள்விதான் வந்தது: "பாலில் என்ன போட்டாள்?"

தான் டப்பிங் செய்து தரும் ஒரு தொடரில் என்ன நடக்கிறது என்று பல்லா சாப் கேட்டதை அன்றுதான் பார்த்தேன். "போய்த் தொலையட்டும், அனுப்பு. திரும்பி வந்தால் மந்திர் மார்க் அம்மாவை வைத்து எடுத்துவிடலாம்" என்றார். அந்த அம்மாளை வரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. புதன்கிழமைக்குத் தள்ளிவைத்தார்.

டேப் கூரியரில் போயிற்று. மாமி ஆபீசிலிருந்து திங்களும் செவ்வாயும் மத்தியானம் போன் செய்தார். "ஏதாவது?" என்பார். "இல்லை மாமி" என்பேன். "அச்சா" என்று வைத்துவிடுவார். புதன்கிழமை காலையில் பிரபாகர் சார் அழைத்தார். இந்த முறையும் வணக்கம் இல்லை.

"தம்பி, ஆடியோ போச்சுன்னு நெனச்சு மானிட்டரைத் தட்டினேன்யா. அப்புறம் ஸ்பூன் கேட்டுது. கேசட்ல காப்பி போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். எங்கம்மா அந்தம்மாவோட பெரிய ரசிகை. பாத்துட்டு எழுந்து போயி டிவியை நிறுத்திட்டாங்க. 'இவளைப் போயி நம்பினேனேடா'ன்னு ராத்திரி சரியாச் சாப்பிடலை. மாத்திட்டீங்க இல்ல குரலை?"

"இல்லை சார். அதே அம்மாதான்."

"அதே அம்மாவா? சரி. அவங்களை எங்கேயும் விட்டுடாதீங்க."

7. இதில் கற்றது

இப்போது கம்ப்யூட்டர்கள் கூடிவிட்டன. வசனம் வந்த பிறகுதான் இசை வைக்கிறோம். கதையையும் முன்னாலேயே கேட்டுவிடுகிறோம். புதிதாக வருகிற பையன்கள் காட்சி சோகமானால் சோக இசை வைக்கிறார்கள். அது தப்பில்லை, ஆனால் அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அழுகிற முகத்தைப் பார்த்தாலே அழுகிறாள் என்று தெரியும், அதைச் சொல்ல ஒரு வயலின் வேண்டாம். யாரை நம்பலாம் என்றுதான் ஜனங்கள் இசையிடம் கேட்கிறார்கள். ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த வாரம் வந்து மாற்றிச் சொல்ல முடியாது. அதனால் மெட்டைத் தேடிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், இந்த ஆள் கடைசியில் என்ன செய்யப் போகிறான் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அயோக்கியன் என்றால் பெட்டியிலேயே நல்ல மெட்டை அவனுக்குக் கொடுங்கள். பிறகு எங்கே நிறுத்துவது என்று மட்டும் யோசியுங்கள்.

அந்த எபிசோடு ஒளிபரப்பான மறுவாரம் மாமி வந்தார். டெல்லியிலும் தமிழ்க் குவார்ட்டர்ஸ்களில் கேபிள்காரர்கள் அந்தச் சேனலைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமியின் ஆபீஸில் இருந்த தமிழர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சால்வையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"பேத்திக்குப் பிறந்த நாள்னு நேத்து ஆபீஸுக்குப் பால்கோவா பண்ணி எடுத்துண்டு போனேன். ஒருத்தரும் தொடலை. 'முதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிடுங்கோ மாமி, அப்புறம் எடுத்துக்கறோம்'னுட்டா."

"நீங்க சாப்பிட்டுக் காட்டினீங்களா?"

மாமி ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

"எதுக்கு? கொஞ்ச நாள் பயந்துண்டு இருக்கட்டும். இப்பல்லாம் ஆபீஸ்ல ஒருத்தனும் லேட்டாவே வரதில்லை."